வலது கை ஆள்காட்டி விரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. எங்கோ படித்தது அல்ல. போனில் யாரோ அனுப்பியது அல்ல. யாருக்கு நடந்ததோ அவரே என் எதிரில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுச் சொன்னது. அவர் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் நூற்றிரண்டுதான் எழுதுவார். நோயாளியின் சொந்தக்காரர்கள் அழுது கேட்டாலும் ஒரு புள்ளி குறைத்துச் சொல்ல மாட்டார். அவர் சொன்னதால்தான் நம்பினேன். நம்பித் தொலைத்ததால்தான் எனக்கு இன்றைக்கும் பகலில் தனியாகப் படுக்கப் பயம்.

ஆமாம், பகலில்தான். நாய் ஊளையையும் வெள்ளைச் சேலையையும் தேடி வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இதில் இருப்பது மூடிவைத்த ஒரு லேப்டாப் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் அவரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஆண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் டாக்டர்களே போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவு கண்டிப்பு. அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கமும் உண்டு. வார்டில் யாராவது இறந்துபோனால் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, கைகால்களை நேராக்கித்தான் கீழே பிணவறைக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்யும்போது சிஸ்டர் அந்த உடம்போடு பேசுவார். "ஐயா, கையைத் தூக்கறேன்." "ஐயா, இந்தப் பக்கம் திருப்பறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க." சொல்லாமல் தொடவே மாட்டார். புதிதாக வந்த நர்ஸ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"அவருக்குக் கேக்கவா போகுது சிஸ்டர்?"

"கேக்குதோ இல்லையோ. சொல்லாம கொள்ளாம ஒருத்தர் மேல கையை வைக்கலாமா?"

அதற்குமேல் அந்தப் பெண்கள் சிரிக்க மாட்டார்கள்.

சிஸ்டருடைய கணவர் கட்டட வரைபடம் வரைபவர். தங்கமான மனுஷன். சிஸ்டர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். "அந்த ஜன்னலை மூடுங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஜன்னல் மூடியிருக்கும். அவருக்கு ஒரே குறை, திக்குவாய். 'ம' வந்தாலும் 'வ' வந்தாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும். வெளியாட்களிடம் கொஞ்சம் திக்குவார். சிஸ்டரிடம் நிறையத் திக்குவார். பாதி வாக்கியத்தைச் சிஸ்டரே முடித்துவைத்துவிடுவார். நேரம் மிச்சம் என்று நினைத்தாரே தவிர, அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

கடைசி வருஷத்தில்தான் அந்தக் கதவு சாத்தும் பழக்கம் வந்தது. மாலையில் கணவர் லேப்டாப்போடு தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். சிஸ்டர் நைட் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். என்ன பேச்சு என்று புரியாது. ஒருநாள் கதவில் காதை வைத்துக் கேட்டார். அப்போதும் வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனால் வேறொன்று பிடிபட்டது.

அவர் திக்கவில்லை.

ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. கடகடவென்று, சிரித்த குரலில், தங்குதடை இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து சிஸ்டர் கேட்டே இராத குரல். சிஸ்டர் கதவைத் தட்டினார். பேச்சு நின்றது. லேப்டாப் மூடுகிற சத்தம் வந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"ஒ... ஒருத்தரும் இல்ல..."

அந்த லேப்டாப்பைத் திறக்க அவருடைய விரல் வேண்டும். ஓரத்தில் இருக்கிற பவர் பட்டனிலேயே ரேகை பார்க்கும் இடம். வலது கை ஆள்காட்டி விரலை அதன்மேல் வைப்பார், திறந்துகொள்ளும். பாஸ்வேர்டு ஒன்றும் உண்டு, அது அவருக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்டர் கேட்டதில்லை. கேட்டால் தான் சந்தேகப்படுவது தெரிந்துவிடுமே என்ற மானப்பிரச்சினை. ஆனால் மனசுக்குள் அது முள்ளாகக் கிடந்தது. இன்னொருத்தி இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும் அவருக்கு. யாரிடம் இவருக்கு நாக்கு அவிழ்கிறது? என்னிடம் அவிழாதது யாரிடம் அவிழ்கிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

செத்தது அவர் கணவர்.

அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். சிஸ்டர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. மகள் வெளியூரில் இருந்தாள், மறுநாள் காலையில்தான் வந்துசேர முடியும். அதனால் ராத்திரி முழுக்க உடம்பு கீழே குளிர்ப்பெட்டியில் இருந்தது. பிணவறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வார்டில் கீழ்வீட்டுக்காரர் என்று பட்டப்பெயர். அவரே காலையில் வண்டியில் கூட வந்து, உடம்பை வீட்டில் அவருடைய அறையிலேயே கட்டிலில் கிடத்திவிட்டு, வெளியே வண்டியருகே போய் நின்றுகொண்டார். மகள் வந்து பார்த்ததும் எடுத்துவிடுவது என்று பேச்சு.

சிஸ்டரின் தம்பி போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். விஷயம் தெரிந்ததிலிருந்து அக்காவை விட்டு நகரவில்லை. அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சிஸ்டர் கேட்டார்.

"அந்த லேப்டாப்பைத் திறக்க முடியுமாடா?"

"இப்போ எதுக்குக்கா அது?"

"பொண்ணோட சின்ன வயசுப் படமெல்லாம் அதுலதான் இருக்கு."

முழுப் பொய். படங்கள் அலமாரியில் ஆல்பத்தில் இருந்தன. தம்பி நம்பினான்.

"பூட்டை உடைச்சா உள்ளே இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும்க்கா. அத்தான் விரல் ஒண்ணுதான் வழி." குரலைத் தாழ்த்தினான். "உயிர் இல்லாத விரலை அது எடுக்காது. ஆனா சூடு இருந்தா... எடுத்தாலும் எடுக்கும். நான் சொன்னேன்னு வேணாம்க்கா."

"நீ வாசல்ல நில்லு. யாரையும் உள்ளே விடாதே."

அவன் நின்றான். யாராவது வந்தால், "அக்கா கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பினான். பாவம், எல்லாரும் தலையை ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

சிஸ்டர் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வெந்நீர்ப் பையை முன்னமே எடுத்து வைத்திருந்தார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. "முன்னாடியே எடுத்து வெச்சிருந்தேன்" என்று இரண்டு முறை சொன்னார்.

பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கையைத் தூக்கறேங்க."

கை விறைத்திருந்தது. விறைப்பை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாதா? தோளிலிருந்து தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று நீவி நீவித் தளர்த்தினார். எத்தனையோ பேருக்குச் செய்த வேலை. உள்ளங்கையில் வெந்நீர்ப் பையை வைத்து மூடிப் பிடித்தார். விரல் நுனியில், நோயாளிகளின் வறண்ட தோலுக்குப் பூசுகிற வார்டு கிரீமைத் தடவினார். லேப்டாப்பைக் கட்டிலில் ஏற்றி, மூடியைத் திறந்து, விரலைக் கொண்டுபோய் பட்டனில் வைத்தார்.

"என்னங்க... ஒரே ஒரு தடவை திறந்து குடுத்துடுங்க."

டொக்.

திரையில் எழுத்து வந்தது. 'விரல் பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்.'

மறுபடி சூடு. மறுபடி விரல். டொக். 'விரல் பொருந்தவில்லை.' வெளியே யாரோ தம்பியிடம் மகள் வண்டி நெருங்கிவிட்டது என்று சொன்னது கேட்டது. சிஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. விரலை நிமிர்த்திப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். அழுத்திப் பிடித்து, மேலிருந்து தன் கட்டைவிரலால் அமுக்கினார்.

நறுக்.

என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியும். விரல் மூட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இன்னும் ஒரு தடவை... இன்னும் ஒரே ஒரு தடவை..."

கடைசியில் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்டது. வாசலில் ஹார்ன் சத்தம். சிஸ்டர் மூடியை அறைந்து சாத்தி, எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையை இழுத்துக் கையை மூடினார். தாழ்ப்பாளைத் திறந்தார். மகள் ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் விழுந்தாள். போர்வைக்குள் கையை விட்டு, அவர் வலது கையைத் தேடிப் பிடித்தாள்.

அழுகை சட்டென்று நின்றது.

"அம்மா... அப்பா கை சூடா இருக்கும்மா!"

அறையில் இருந்தவர்கள் கட்டிலை நெருங்கி வந்தார்கள்.

"சூடா இருக்கும்மா! நிஜமா! டாக்டரைக் கூப்பிடுங்க யாராவது! மாமா, கூப்பிடுங்க மாமா!"

அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைச் சிஸ்டர் சாகிறவரை மறக்க மாட்டார். யாரோ ஒருவர் குனிந்து நெஞ்சில் காதை வைத்தே பார்த்துவிட்டார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"வெயில் பட்டிருக்கும் கண்ணு..." என்றார் சிஸ்டர். "ஜன்னல் வெயில்."

திரை மூடியிருந்தது. மகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் சிஸ்டருக்குக் கிடைத்த கருணை.

காரியங்கள் முடிந்தன. மகள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். சிஸ்டர் டியூட்டிக்குத் திரும்பினார். எப்போதும்போல நைட் டியூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, திரைகளை எல்லாம் இழுத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஊருக்கெல்லாம் ராத்திரி என்றால் அவருக்குப் பகல்தான் ராத்திரி. லேப்டாப்பைக் கணவரின் அறையில், அவர் மேஜைமேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கமே போவதில்லை.

முதல் தடவை அது கேட்டது ஒரு மத்தியானம். மணி இரண்டேகால்.

டொக்.

கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்தார். மறுபடி டொக். எழுந்து போய்ப் பார்த்தார். லேப்டாப் மூடி பாதி திறந்திருந்தது. திரையில் வெளிச்சம்.

'விரல் பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்.'

தான்தான் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. அப்படித்தான் நினைத்தார். மூடிவிட்டு வந்து படுத்தார். மறுநாளும் வந்தது அந்தச் சத்தம். தம்பிக்குப் போன் செய்தார்.

"பட்டன்ல ஈரம், தூசி ஏதாவது பட்டிருக்கும்க்கா. சும்மாவே விரல் வெச்ச மாதிரி காட்டும். ஒரேயடியா ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கிடு."

ஆஃப் பண்ணினார். சார்ஜரைப் பிடுங்கி அலமாரிக்குள் போட்டார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த நாள் மத்தியானம்... டொக்.

மூடி முழுதாகத் திறந்திருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் கிட்டப் போய்க் குனிந்தார். பவர் பட்டனின்மேல் ஏதோ பளபளத்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

வார்டு கிரீம்.

ஈரம் காயவில்லை. இப்போதுதான் தடவியது போல இருந்தது.

யாராக இருந்தாலும் அங்கிருந்து ஓடியிருப்பார்கள். நானாக இருந்தால் ஓடி, வீட்டையே மாற்றியிருப்பேன். சிஸ்டர் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், தைரியம் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தேகம் இன்னும் சாகவில்லை. மறுநாள் அவர் படுக்கவே இல்லை. மேஜைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப் மூடியை அவரே திறந்து வைத்தார்.

வெளியே பட்டப்பகல். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணி ஆனது. இரண்டு பத்து. ஒன்றும் இல்லை. அவருக்குக் கண் சொக்கியது.

திரை தானாக எரிந்தது.

அப்புறம்... பவர் பட்டன் அமுங்கியது.

அவர் கண்ணெதிரே. மெல்ல. யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. அதன் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் பரவியது.

டொக்.

'விரல் பொருந்தவில்லை.'

பட்டன் எழும்பியது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி அமுங்கியது. இந்தத் தடவை சாய்த்து வைத்த மாதிரி, ஒரு பக்கமாக.

டொக்.

சிஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் பயம்கூடப் பின்னால் போய்விட்டது. அவமானம்தான் முன்னால் வந்து நின்றது. கணவர் யாரையும் பயமுறுத்த வரவில்லை. திறந்து குடுங்க என்று கேட்டது யார்? ஒரே ஒரு தடவை என்று கெஞ்சியது யார்? சிஸ்டர் சொன்னார். அவர் செய்துகொண்டிருந்தார். வீட்டில் ஜன்னலை மூடச் சொன்னால் மூடுகிற மாதிரி. தினமும் வந்து, எடுக்காத விரலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

விடுங்க, வேண்டாம், போய்ப் படுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். சிஸ்டர் வாயைத் திறந்தார்.

"மெதுவா..." என்றார். "நேரா வைங்க."

வெட்கம் கெட்ட வாய். சிஸ்டரே சொன்னது இது. நான் சொல்லவில்லை.

பட்டன் அமுங்கியது. மெதுவாக. நேராக.

டொக் வரவில்லை.

திறந்துகொண்டது.

திரை முழுக்க வரைபடங்கள். நடுவில் 'பயிற்சி' என்று ஒரு கோப்புறை. உள்ளே குரல் பதிவுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. சிஸ்டர் முதலில் இருந்ததைத் தட்டினார்.

கதவுக்கு அப்பால் கேட்ட அதே குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். இவங்க என் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ். இவங்களைப் பாத்தா டாக்டர்களே பயப்படுவாங்க... எனக்கும் பயம்தான்." மெல்லிய சிரிப்பு. பிறகு மறுபடி முதலிலிருந்து. "எல்லாருக்கும் வணக்கம். இவங்க என் மனைவி..."

அடுத்த பதிவு. அதே வாக்கியம். அதற்கடுத்தது. அதே. திக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. எதிரில் யாரும் இல்லை. அவர் தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சிஸ்டருக்கு ஒரு விருந்து ஞாபகத்துக்கு வந்தது. கணவரின் அலுவலக விருந்து. முதலாளி மேஜைக்கு வந்து நின்றதும் இவர் எழுந்து, "இது என் ம... ம... ம..." என்று ஆரம்பித்தார். எல்லாரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரால் காத்திருக்க முடியவில்லை. "மனைவிதாங்க! இவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்களுக்குப் பேரப்பிள்ளையே பிறந்துடும்!" மேஜையே குலுங்கியது. இவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வருகிறவரை அந்தச் சிரிப்பை முகத்திலேயே வைத்திருந்தார். சிஸ்டர் அதை அன்று ராத்திரியே மறந்துபோயிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார் மனுஷன்.

சிஸ்டர் அழவில்லை. அழக்கூடத் தகுதி இல்லை என்று தோன்றியதாம். பதிவுகளைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பதிவு வந்தது. அதன் தேதியைப் பார்த்தார்.

கை அப்படியே நின்றது.

அது அவர் செத்ததற்கு மறுநாள். உடம்பு கட்டிலில் கிடந்த காலை.

தொடாமல் இருந்திருக்கலாம்.

தொட்டார்.

முதலில் துணி உரசுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல். "கையைத் தூக்கறேங்க."

அவருடைய குரல்.

வெந்நீர்ப் பையின் களக் களக். நீவுகிற சத்தம். "என்னங்க... ஒரே ஒரு தடவை திறந்து குடுத்துடுங்க."

டொக்.

டொக்.

நறுக்.

அப்புறம்... யாரோ மூச்சை இழுத்தார்கள். மைக்குக்கு வெகு பக்கத்தில்.

ஆண் மூச்சு.

"வ..."

சிஸ்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வ... வ..."

"இன்னும் ஒரு தடவை..." சிஸ்டரின் குரல் குறுக்கே விழுந்தது.

"வ... வ... வலி..."

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

"வ..."

ஹார்ன் சத்தம். பதிவு முடிந்தது.

அப்போதும் முடிக்க விடவில்லை அவரை.

சிஸ்டர் மூடியை அறைந்து சாத்தினார். லேப்டாப் பூட்டிக்கொண்டது. அன்றைக்கு டியூட்டிக்குப் போகவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, பாதியைச் சொல்லி, பாதியை விழுங்கி, ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்.

"பூட்டியிருக்கும்போது அது குரலைப் பதியுமாடா?"

"பதியாதுக்கா. விரல் வெச்சு உள்ளே போனாத்தான்... ஏன், திறந்துச்சா? எப்படிக்கா?"

சிஸ்டர் எழுந்து அந்த அறைக் கதவைச் சாத்தினார். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தக் காலையில் வாசலில் நின்றவன் அவன்தானே. அதற்குப் பிறகு மத்தியானங்களில் சத்தம் வரவில்லை. சொன்ன வேலை முடிந்துவிட்டது.

நாள் ஆக ஆக, சிஸ்டர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். தூக்கம் இல்லாத உடம்பு, குற்ற உணர்ச்சி, ஏதேதோ கேட்கும். உயிர் போன விரலுக்கு வலி ஏது? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் ஒரு நர்ஸுக்குத் தெரியாதா அது?

அந்தச் சமயத்தில்தான் மகள் போனில் கேட்டாள்.

"அம்மா, அப்பா குரல் எங்கேயாவது இருக்காம்மா? என் போன்ல இருக்கற வீடியோ எதுலயுமே அப்பா பேசவே இல்லம்மா. சும்மா தலையை ஆட்டறார். எனக்கு அப்பா குரல் மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

இருந்தது. அறைக்குள், மேஜைமேல், கணக்கில்லாமல் இருந்தது. திக்காத குரல். அவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரல். எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர் வந்து திறந்துகொடுத்துவிடுவார். கடைசிப் பதிவை மட்டும் நீக்கிவிட்டால் மகளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

"லேப்டாப்ல இருக்கும்னு நினைக்கிறேன் கண்ணு," என்றார் சிஸ்டர். "நாளைக்குத் திறந்து அனுப்பறேன்."

"நிஜமாவா? திறக்க முடியுமாம்மா?"

"முடியும்."

மறுநாள் விடிகாலையில் டியூட்டி முடிந்து இறங்கப் போகும்போது லிப்டுக்கு அருகே கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். தலையைச் சொறிந்துகொண்டு கிட்ட வந்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு சார் கை எங்கேயாவது மாட்டிக்கிச்சா? வண்டிக் கதவுல, கட்டில்ல... எங்க பசங்க மேல தப்புன்னா சொல்லுங்க, நான் கண்டிக்கிறேன்."

"ஏன்?"

"காலையில நான் கொண்டாந்து விட்டப்போ நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர். நானேதான் ரெண்டு கையையும் சேத்து வெச்சேன். அப்புறம் எடுக்கும்போது போர்வை விலகிச்சு, பாத்தேன். வலது கை, இந்த விரல்..." தன் விரலை நீட்டிக் காட்டினார். "இவ்ளோ பெருசா வீங்கியிருந்துச்சு. நுனியிலேர்ந்து அடி வரைக்கும் கருநீலமா கன்னிப்போயிருந்துச்சு."

லிப்ட் வந்தது. கதவு திறந்தது. சிஸ்டர் ஏறவில்லை.

ராத்திரி முழுக்கக் குளிர்ப்பெட்டியில் கிடந்த உடம்பு. அதன் விரலை நசுக்கலாம், ஒடிக்கலாம். அப்படி வீங்காது. அப்படிக் கன்றாது. அதற்கு உள்ளே ரத்தம் ஓட வேண்டும். அப்படியென்றால் அவருக்கு வலித்திருக்கிறது; இன்னொரு தடவை கேட்டாலும் வலிக்கும்.

"கதவு இல்ல," என்றார் சிஸ்டர். "உங்க பசங்க மேல தப்பு இல்ல."

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மகள் செய்தி அனுப்பியிருந்தாள்.

'அம்மா, திறந்துச்சா?'

சிஸ்டர் பதில் எழுதினார்.

'இல்லம்மா. அது திறக்காது. இனிமே அதைக் கேக்காதே.'